வீட்டு சிமுலேட்டருக்கு போயிங் 737 எரிபொருள் பேனல்: கட்டிய விதமும் பறந்த விதமும்

எங்கள் வீட்டு மாடி அறையில், கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில், போயிங் 737-800 விமானத்தின் எரிபொருள் பம்ப் பேனல் இப்போது அசல் விமானத்தின் நடைமுறைப்படி வேலை செய்கிறது. பெங்களூருவிலிருந்து டெல்லி வரை ஒரு முழுப் பயணத்தில், எரிபொருள் தொடர்பான எந்தச் செயலுக்கும் மவுசைத் தொடாமல், சுவிட்சைக் கையால் தட்டியே முடித்த பிறகு இந்தப் பதிவை எழுதுகிறேன். கிருஷ்ணகிரி போன்ற ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய விரும்புபவர்களுக்கு எந்தப் பொருள் எங்கே கிடைத்தது, எந்த அளவு பொருந்தியது, எது பொருந்தாமல் மாற்ற வேண்டியதாயிற்று என்பது பயன்படும் என்பதால், செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் பயன்படுத்துவது எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டர் மென்பொருள். அதனுடன் வரும் 737-800ஐ அடிப்படையாகக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கும் ஸிபோ பதிப்பில் பறக்கிறேன். சுவிட்சுகளையும் விளக்குகளையும் சிமுலேட்டருடன் இணைப்பது மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள். சுவிட்சுகளுக்கும் கணினிக்கும் இடையில் நிற்கும் ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணு போர்டுக்கு வேண்டிய நிரலை அதுவே ஏற்றிவிடுவதால், நிரல் எழுதத் தெரியாதவரும் தயங்காமல் இறங்கலாம்.

பேனலின் கீழ் வரிசையில், மேலும் கீழும் தட்டும் டாகிள் சுவிட்சுகள் நான்கு உள்ளன. இடப்பக்கம் 1ஆம் இறக்கைத் தொட்டியின் பின் பம்பும் முன் பம்பும், வலப்பக்கம் 2ஆம் இறக்கைத் தொட்டியின் முன் பம்பும் பின் பம்பும். அவற்றுக்கு மேலே நடுத்தொட்டியின் இடது, வலது பம்புகளுக்கு இரண்டு சுவிட்சுகள். அதற்கும் மேலே, இரு பக்கக் குழாய்களையும் ஒன்றாக இணைக்கும் கிராஸ்ஃபீட் வால்வின் திருகு குமிழ். ஒவ்வொரு பம்புக்கும் ‘லோ பிரஷர்’ (அழுத்தம் குறைவு) என்ற ஆம்பர் நிற விளக்கு ஒன்று, எரிபொருள் வடிகட்டி அடைபடுவதைக் காட்டும் ஃபில்டர் பைபாஸுக்கு ஆம்பர் விளக்குகள் இரண்டு, எரிபொருளை இஞ்சினருகே நிறுத்தும் இஞ்சின் வால்வுக்கும் இறக்கையில் நிறுத்தும் ஸ்பார் வால்வுக்கும் நீல விளக்குகள் நான்கு, கிராஸ்ஃபீடுக்கு நீல விளக்கு ஒன்று எனப் 13 விளக்குகள் வருகின்றன. ஏழு சுவிட்சுகளையும் எரிபொருள் வெப்பமானியின் மோட்டாரையும் சேர்த்தால் 21 இணைப்புகள். ஆர்டுயினோவின் சிறிய வகையான ஊனோவில் இவ்வளவு பின்கள் (ஒயர் இணைக்கும் முனைகள்) இல்லை. 54 பின்கள் உள்ள பெரிய வகையான மெகா 2560ஐ எடுத்துக்கொண்டால் அடுத்த பேனலுக்கும் இடம் மிஞ்சும்.

கட்டுவதற்கு முன் ஒன்றை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பேனலில் ஒரே பெயர் கொண்ட ஆறு விளக்குகள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. இறக்கைத் தொட்டிப் பம்பின் சுவிட்சை அணைத்து வைத்தால் அதன் லோ பிரஷர் விளக்கு எரியும். பம்ப் ஓடி அழுத்தம் வந்தால்தான் அணையும். நடுத்தொட்டிப் பம்பின் சுவிட்சை அணைத்து வைத்தாலோ அதன் விளக்கும் அணைந்தே இருக்கும்; சுவிட்சைப் போட்டும் அழுத்தம் வராதபோது மட்டுமே எரியும். நடுத்தொட்டி பல பயணங்களில் காலியாகவே இருக்கும், அதன் பம்புகளும் பாதி வழியில் அணைக்கப்படும் என்பதால், தேவையில்லாத நேரத்தில் விமானியின் கண்ணை அந்த விளக்கு உறுத்தாதபடி இவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

முதலில் நான் போட்ட வயரிங், டாகிள் சுவிட்சின் இன்னொரு தொடுமுனை வழியாக விளக்கை நேரடியாக ஏற்றி அணைக்கும் எளிய வழி. சுவிட்ச் கீழே இருந்தால் விளக்கு எரியும், மேலே தட்டினால் அணையும். பார்க்க அசல் போலவே இருந்தது. பேட்டரியை மட்டும் போட்டு, வேறு எந்த மின்சாரமும் இல்லாமல் பம்ப் சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு தவறான தகவலைத் தருகிறது என்பது தெரிந்தது. 737இன் ஆறு பம்புகளும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தில் ஓடுபவை. தரை மின் இணைப்போ, வால் பகுதியில் உள்ள ஏ.பி.யு. என்ற சிறிய இஞ்சினின் ஜெனரேட்டரோ கிடைக்கும் வரை சுவிட்ச் மேலே இருந்தாலும் பம்ப் சுழலாது, விளக்கும் அணையக் கூடாது. திரையில் நான்கு ஆம்பர் விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, என் பேனலில் எல்லாம் இருண்டிருந்தன. அந்த வயரிங்கைப் பிரித்து, சுவிட்ச் சிமுலேட்டருக்குச் செய்தி மட்டும் அனுப்பட்டும், விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் சிமுலேட்டரின் வேலையாக இருக்கட்டும் என்று மாற்றினேன். பேனலின் மதிப்பே இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது. சுவிட்ச் என்பது நாம் கேட்டது. விளக்கு என்பது உண்மையில் நடந்தது. இரண்டையும் ஒரே ஒயரில் கட்டினால், நடைமுறைகள் எதைச் சரிபார்க்கச் சொல்கின்றனவோ அதைச் சரிபார்க்க முடியாமல் போகும்.

தகட்டுக்கு 3 மி.மீ. வெள்ளை அக்ரிலிக் எடுத்து, பழுப்பு கலந்த சாம்பல் நிற ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, ஓசூரில் பெயர்ப்பலகை செய்யும் ஒரு பட்டறையில் லேசரில் வெட்டிக்கொண்டேன். எழுத்துகளின் மேல் உள்ள பெயின்ட்டை மட்டும் லேசர் உரித்தெடுக்கும்படி வரைபடம் கொடுத்தால், பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போது எழுத்துகள் மட்டும் ஒளிரும். முழு அளவு டாகிள் சுவிட்சின் கழுத்துக்கு 12 மி.மீ., எல்.இ.டி.களுக்கு 5 மி.மீ. துளைகள். லேசர் தன் பங்குக்குச் சிறிது கூடுதலாக எரித்துவிடுவதால், 12 என்று வரைந்த துளையில் சுவிட்ச் எளிதாக இறங்கியது. 5 என்று வரைந்ததில் எல்.இ.டி. ஆடியது. இரண்டாம் தகட்டில் அதை 4.8 ஆக்கிய பிறகு கைவிரலால் அழுத்தியதும் இறுகி நின்றது.

இரண்டாம் தகடு தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. முதல் தகட்டின் ஓரங்களில் படிந்த லேசர் புகைக் கறையை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். அன்று மாலையே ஒவ்வொரு துளையைச் சுற்றியும் முடி போன்ற விரிசல்கள் ஓடின. நட்டை முடுக்கியதும் ஒரு மூலை பிளந்தது. பட்டறைக்காரர் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்: “லேசர்ல வெட்டுன அக்ரிலிக்ல சூட்டுல ஒரு இறுக்கம் உள்ளயே நிக்கும் தம்பி. அது மேல ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டா வெடிச்சிடும். சோப்புத் தண்ணிதான் போடணும்.” அதன்பின் சோப்பு நீரில் மட்டும் கழுவி, ஓரங்களை 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒவ்வொரு நட்டின் கீழும் ஃபைபர் வாஷர் வைத்து முடுக்கினேன். கோடை வெயிலையும் தாண்டி இரண்டாம் தகடு விரிசலின்றி நிற்கிறது.

சுவிட்சுகளைப் பொறுத்தவரை, முதலில் வாங்கிய 6 மி.மீ. கழுத்துள்ள மினி டாகிள்கள் விலை குறைவு, வேலையும் செய்தன. ஆனால் விரலுக்கு எந்த எதிர்ப்பும் தராமல் நகர்ந்தன. நிமிர்ந்து பார்க்காமலேயே ஒரு வரிசையைத் தட்டும் பழக்கத்துக்கு, தட்டியது விழுந்ததா என்று விரல் உணர வேண்டும். அதனால் முழு அளவு டாகிள்களுக்கு மாறினேன். இந்தச் செலவைக் குறைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிராஸ்ஃபீடுக்கு இரண்டு நிலை ரோட்டரி சுவிட்சை வைத்து, அதன் பட்டை வடிவக் கைப்பிடியை வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் துண்டிலிருந்து அரத்தால் தேய்த்து எடுத்தேன்.

சால்டரிங் வேலைக்கு 25 வாட் அயன் போதும். டாகிளின் முனையில் மூன்று நொடிக்கு மேல் அயனை வைத்தால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் இளகி, முனை சாய்ந்துவிடுகிறது. எனவே ஒயருக்கும் முனைக்கும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு சேர்த்து ஒரு தொடுதலில் ஒட்டுவது பாதுகாப்பானது. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு முனையும் மெகாவின் ஒரு பின்னுக்கு, மறுமுனை எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு. ஆம்பர் எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் ரெசிஸ்டர், நீலத்துக்கு 220 ஓம். இரண்டு நிறத்திலும் சுமார் 9 மில்லியாம்பியர் ஓடுகிறது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தாலும் 120 மில்லியாம்பியரைத் தொடுவதில்லை என்பதால் யு.எஸ்.பி. மின்சாரமே போதுமானது.

மெகாவை முதலில் மேசைக்குக் கீழே வைத்து, தலைக்கு மேல் உள்ள பேனலுக்கு மூன்று மீட்டர் ரிப்பன் ஒயரை இழுத்திருந்தேன். சீலிங் ஃபேன் சுவிட்சைப் போடும்போதெல்லாம் ஏதாவது ஒரு பம்ப் தானாக அணைந்து மீண்டும் ஓடியது. சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்க மெகாவுக்குள் உள்ள புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். அவ்வளவு பலவீனமான பிடிப்பில் நீண்ட ஒயர் ஆன்டெனா போல ஆகி, வீட்டு வயரிங்கில் எழும் சிறு பொறியையும் சுவிட்ச் அசைந்ததாகக் காட்டிவிடுகிறது. வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சேர்த்தும் இதைத் தீர்க்கலாம். நான் மெகாவையே பேனலின் முதுகில் பொருத்தி, ஒயர்களை ஒரு சாண் நீளத்துக்குச் சுருக்கி, கீழே ஒரு யு.எஸ்.பி. கேபிளை மட்டும் இறக்கினேன். தொல்லை அத்துடன் நின்றது.

நீல விளக்குகளுக்குத் தனிக் கவனம் தேவை. வால்வு நகர்ந்துகொண்டிருக்கும்போது அவை பளிச்சென்று எரியும். நகர்ந்து முடிந்தபின், கிராஸ்ஃபீட் விளக்கு வால்வு திறந்திருக்கும்வரை மங்கலாக எரியும். இஞ்சின் வால்வு, ஸ்பார் வால்வு விளக்குகள் வால்வு மூடியிருக்கும்வரை மங்கலாக எரியும். பளிச்சென்ற நிலையிலேயே ஒரு விளக்கு நின்றுவிட்டால், கேட்ட இடத்துக்கு வால்வு போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆகவே இந்த ஐந்து விளக்குகளையும் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பின்களில்தான் இணைக்க வேண்டும். மெகாவில் 2 முதல் 13 வரையும் 44 முதல் 46 வரையும் உள்ள பின்கள் அத்தகையவை. 0 முதல் 255 வரை போகும் ஒளி அளவில், முழு ஒளிக்கு 255, மங்கலுக்கு 40 என்று வைத்தேன். பகல் வெளிச்சத்தில் 40 கண்ணுக்குத் தெரிவது கடினம் என்பதால் ஜன்னலுக்குத் திரை போட வேண்டியதாயிற்று. 70 வரை உயர்த்தினால் பளிச்சுக்கும் மங்கலுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது.

எரிபொருள் வெப்பமானிக்கு, கேட்ட கோணத்துக்கு முள்ளைத் திருப்பி நிறுத்தும் சிறிய எஸ்.ஜி.90 செர்வோ மோட்டார். 1ஆம் தொட்டியின் வெப்பநிலையை அது காட்டும். அசல் விமானத்தில் மேல் வரம்பு 49 டிகிரி. கீழ் வரம்பு மைனஸ் 43 அல்லது எரிபொருளின் உறைநிலைக்கு 3 டிகிரி மேல், இவற்றில் எது வெப்பம் கூடியதோ அது. ஜெட் ஏ-1இன் உறைநிலை மைனஸ் 47 என்பதால் நம் ஊர்ப் பயணங்களுக்கு மைனஸ் 43தான் கணக்கு. செர்வோவை யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓட்டியபோது முள் நடுங்கியது. தனியாக 5 வோல்ட் அடாப்டர் ஒன்றும், அதன் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போட்டு, இரண்டு கிரவுண்டுகளையும் சேர்த்த பிறகு முள் அசையாமல் நின்றது. அந்த அடாப்டரையும் கணினியின் யு.பி.எஸ்.ஸிலேயே செருகுவது நல்லது. மின்வெட்டு வரும்போது கணினி ஓடிக்கொண்டிருக்க, வெப்பமானி மட்டும் உயிரிழந்து நின்றதைப் பார்த்த பிறகே அதை இடம் மாற்றினேன்.

மென்பொருள் பக்கம் மீதமிருந்த சிக்கல், சுவிட்சின் நிலையும் சிமுலேட்டரின் நிலையும் தொடக்கத்திலேயே முரண்படுவது. பேனலில் ஒரு பம்ப் மேலே இருக்க, சிமுலேட்டர் எல்லாம் அணைந்த விமானத்தை ஏற்றினால், சுவிட்சைக் கீழே இறக்கி மீண்டும் மேலே தட்டும்வரை இரண்டும் பொருந்தாது. இதற்கு மென்பொருளில் தீர்வு தேடிய பிறகு, விமான நடைமுறையே போதுமானது என்று கண்டேன். தரையிறங்கி இஞ்சின்களை நிறுத்தும் பட்டியலில் எரிபொருள் பம்புகளை அணைப்பதும் ஒரு படி. அதை ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் செய்து முடித்தால் அடுத்த நாள் பேனலும் விமானமும் ஒரே நிலையில் எழுகின்றன.

இனி டெல்லிப் பயணம். இறக்கைத் தொட்டி ஒவ்வொன்றும் நிரம்பினால் சுமார் 3,900 கிலோ. நடுத்தொட்டி மட்டும் சுமார் 13,000 கிலோ பிடிக்கும். நடுத்தொட்டியில் 453 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் இறக்கைத் தொட்டிகள் நிரம்பியிருக்க வேண்டும் என்பது ஏற்றும் விதி. நான் இறக்கைகளை நிரப்பி, நடுவில் 2,600 கிலோ வைத்தேன். பெங்களூரு–சென்னை போன்ற குறும்பயணத்தில் நடுத்தொட்டி காலியாகவே போகும், அதன் பம்புகளைத் தொடவே வேண்டியதில்லை என்பதால், பேனலை முழுமையாகச் சோதிக்க இப்படி ஒரு நீண்ட பயணம் தேவைப்பட்டது.

பேட்டரியைப் போட்டதும் இறக்கைப் பம்புகளின் நான்கு ஆம்பர் விளக்குகளும் எரிந்தன. நடுத்தொட்டி விளக்குகள் இருண்டிருந்தன. வால்வுகளின் நான்கு நீல விளக்குகளும் மங்கலாக எரிந்தன. ஏ.பி.யு. தனக்கு வேண்டிய எரிபொருளை 1ஆம் தொட்டியிலிருந்து தானே உறிஞ்சிக்கொண்டு கிளம்பும். அதன் ஜெனரேட்டரை இணைத்த பிறகு இடப்பக்கப் பம்ப் ஒன்றைப் போட்டேன். ஒரு விளக்கு அணைந்தது. இஞ்சின் கிளப்பும் முன் ஆறு பம்புகளையும் போட்டபோது, நடுத்தொட்டி விளக்குகள் இரண்டும் ஒரு கணம் எரிந்து அணைந்தன. அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதும் நடைமுறையின் ஒரு பகுதி: விளக்கும் பழுதில்லை, அழுத்தமும் வந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. இஞ்சினுக்கு எரிபொருளைத் திறந்துவிடும் ஸ்டார்ட் லீவரை உயர்த்தியதும் அந்தந்த இஞ்சினின் இரு நீல விளக்குகளும் பளிச்சிட்டு அணைந்தன.

ஏறும்போதும் அதற்குப் பின்னும் ஆறு பம்புகளும் ஓடிக்கொண்டிருந்தாலும் இறக்கைத் தொட்டிகளின் அளவு அசையவில்லை. நடுத்தொட்டிப் பம்புகளின் அழுத்தம் கூடுதலானது என்பதால் அவை தரும் எரிபொருளே முதலில் இஞ்சினுக்குப் போகிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் நடுத்தொட்டி 460 கிலோவை நெருங்கியது. அப்போது இரண்டு சுவிட்சுகளையும் அணைத்தேன். ஸிபோவில் பறக்கும்போது, சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தும் அணைக்கலாம், விமானம் வெடித்துவிடாது. ஆனால் அசல் விமானத்தில், விமானி அறையில் லோ பிரஷர் விளக்குகளைக் கவனிக்க ஆள் இல்லாமல் நடுத்தொட்டிப் பம்புகள் ஓடக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் உயிர்ப்பலிகள் இருக்கின்றன. 1990 மே 11 அன்று மணிலாவில் 737-300 ஒன்றின் நடுத்தொட்டி தரையிலேயே வெடித்து 8 பேர் இறந்தனர். 2001 மார்ச் 3 அன்று பாங்காக்கில், பயணிகள் ஏறுவதற்கு முன் நின்றுகொண்டிருந்த 737-400 ஒன்றின் நடுத்தொட்டி வெடித்து விமானப் பணியாளர் ஒருவர் இறந்தார். அங்கே நடுத்தொட்டிப் பம்புகள் எரிபொருளின்றி ஓடிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய காலியான தொட்டியில் எரிபொருளைவிட அதன் ஆவியே நிரம்பியிருக்கும். தொட்டியின் அடியில் உள்ள குளிர்சாதனக் கருவிகளின் சூடு அதை மேலும் கூட்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நடுத்தொட்டி ஓடும் ஒரு மணி நேரமும் இருக்கையை விட்டு எழுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சிமுலேட்டரில் நடைமுறையைப் பழகுவதென்றால் கவனிப்பதையும் சேர்த்தே பழக வேண்டும்.

பயணத்தின் பிற்பகுதியில் கிராஸ்ஃபீடைச் சோதித்தேன். ஒரு தொட்டி குறைந்துவிட்டால் முதலில் கிராஸ்ஃபீடைத் திறந்து, நீல விளக்கு பளிச்சிட்டு மங்குவதைப் பார்த்த பிறகே குறைந்த தொட்டியின் இரு பம்புகளையும் அணைக்க வேண்டும். அப்போது இரு இஞ்சின்களும் நிறைந்த தொட்டியிலிருந்து எடுக்கும். அந்த இரு ஆம்பர் விளக்குகளும் எரிந்ததும் மாஸ்டர் காஷன் என்ற பொது எச்சரிக்கை விளக்கும் வந்தது; ஒரே தொட்டியின் இரு பம்புகளும் அழுத்தம் இழந்தால் அப்படித்தான் வர வேண்டும். இரு தொட்டிகளின் வேறுபாடு 453 கிலோவைத் தாண்டினால் திரையில் எச்சரிக்கை எழும் என்பதையும் வேண்டுமென்றே அந்த அளவு வரை விட்டுச் சரிபார்த்தேன்.

செலவு: மெகா போர்டு 1,350 ரூபாய், முழு அளவு டாகிள்கள் ஆறு 510, ரோட்டரி சுவிட்ச் 120, எல்.இ.டி.களும் ரெசிஸ்டர்களும் 150, செர்வோ 140, அக்ரிலிக்கும் பெயின்ட்டும் லேசர் கூலியும் 1,100, அடாப்டர் 220, ஒயரும் கனெக்டர்களும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் 350, ஆக 3,940. விரிசல் விட்ட தகட்டுக்கு 650, பயன்படாத மினி டாகிள்களுக்கு 180 சேர்த்தால் 4,770 ரூபாய். ஆர்டுயினோ, செர்வோ ஆகியவற்றை மின்னணுக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். டாகிள்களும் ஒயரும் கிருஷ்ணகிரியிலேயே மின்பொருள் கடையில் கிடைத்தன.

அடுத்த முறை செய்தால், வட்ட எல்.இ.டி.களுக்குப் பதிலாக அசல் போன்ற செவ்வக விளக்குப் பெட்டிகளை அக்ரிலிக்கில் மடித்து, ‘லோ பிரஷர்’ என்ற எழுத்தை விளக்கின் மேலேயே பொறிப்பேன். இப்போது எழுத்து ஒரு பக்கமும் ஒளி ஒரு பக்கமும் இருப்பதால் இரவில் எந்த விளக்கு என்று ஒரு நொடி தேட வேண்டியிருக்கிறது. சுவிட்ச் தாங்கும் தகட்டை 2 மி.மீ. அலுமினியத்தில் செய்து, அக்ரிலிக்கை எழுத்துக்கான முகப்பாக மட்டும் வைப்பேன். நட்டின் இறுக்கம் முழுவதும் உலோகத்தில் விழும். பேனலைக் கழற்றிப் பழுதுபார்க்க ஒவ்வொரு ஒயரையும் பிரிக்க வேண்டிய நிலை இப்போது உள்ளது. சுவிட்சுகளுக்கு ஒன்றும் விளக்குகளுக்கு ஒன்றுமாக இரண்டு கனெக்டர்கள் வைத்தால் அந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். மெகாவில் மீதமுள்ள 33 பின்களில், பக்கத்திலேயே அமரும் ஏ.பி.யு. ஜெனரேட்டர் சுவிட்சுகளை அடுத்துச் சேர்க்கப் போகிறேன்.